பக்கவாட்டில் பிடித்த காந்தம்

சேரப்பணஞ்சேரி
18-9-91, புதன்

வேலூரில் நர்ஸாக இருக்கும் என் பேத்தி மதிவதனிக்கு, ஆயா எழுதுவது. நான் சுகம். உன் தம்பி எழிலரசனும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அவனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சனிக்கிழமை மறைமலை நகர் கம்பெனியில் இரும்பு தேய்க்கும்போது, மயிர் மாதிரி ஒரு சிராய் அவன் வலது கண்ணில் ஒட்டிக்கொண்டது. அங்கே இதற்கெல்லாம் டாக்டரிடம் போகமாட்டார்களாம். கூட வேலை செய்கிற கோதண்டம், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் காட்டி எடுத்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கே வந்தார். நானும் பெருமையாகக் காபி போட்டுக் கொடுத்தேன்.

காந்தத்தைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார். "நேரா வெக்காதப்பா, கண்ணுல இடிச்சிடப் போவுது. பக்கத்துல புடி" என்றேன். அவன் தலையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். சிராய் வரவில்லை. "ஆயாவே டாக்டராயிட்டாங்க, நமக்கு இன்னா வேலை" என்று சிரித்து, காந்தத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவன் சட்டைப் பையை உதறினேன். அதே மாதிரிச் சிராய்கள். ஈரத் தட்டில் போட்டுக் காந்தத்தைக் காட்டினேன். மேலே நேராகக் காட்டினால் எல்லாம் எழுந்து நிற்கின்றன. நுனி மட்டும்தான் தட்டில் படுகிறது, ஊதினால் போய்விடுகிறது. பக்கவாட்டில் காட்டினால் நெடுக்கப் படுத்து ஒட்டிக்கொள்கின்றன, ஊதினாலும் அசையவில்லை. மூன்று தரம் பார்த்தேன் மதி. மூன்று தரமும் அப்படியே.

இப்போது அவன் கண்ணில் சிராய் ஒட்டிய புள்ளியைச் சுற்றித் துரு நிறத்தில் ஒரு வளையம். "பொகையாட்டம் தெரியுது" என்கிறான். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால், "சும்மா இரு ஆயா. திங்கக்கெழம பர்மனென்ட் லெட்டர் குடுக்கறாங்க. கண்ணுன்னு தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்கிறான். தட்டில் பார்த்ததை அவனிடம் சொல்லித் தொலைத்தேன். வரும் ஞாயிறு கோதண்டத்தை நேராகவே வைக்கச் சொல்லப்போகிறானாம். எழுந்து நிற்கிறபோது அந்த நுனி உள்ளே குத்தினால்? தட்டு தாங்கும். கண் தாங்குமா?

காந்தத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்திருக்கிறேன். வேறு காந்தம் கிடைக்காமலா போகும்!

சனிக்கிழமைக்குள் வந்துவிடு. நான் சொன்னால் கேட்கமாட்டான். நீ காதைத் திருகினால் வருவான். முதலில் அவனை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்று. என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

உங்கள் அம்மா என் கையில் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. என் கண் இரண்டும் இன்னும் ஊசியில் நூல் கோக்கும். அதை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடு என்று அம்மனிடம் கேட்டிருக்கிறேன். இதை அவனிடம் சொல்லாதே. நீ நன்றாக இரு, கண்ணு. வந்துவிடு.

உன் ஆயா
சுந்தராம்பாள்