நூலகத்துக்கு மேல்மாடி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு லென்ஸ் ஓரத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது. இந்த வாரத்தில் மூன்றாவது. மூக்குக்கண்ணாடி ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைச் சீவும்போது கை மயிரிழை நடுங்கினால் போதும். முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடையில் கண் பரிசோதிக்கும் அக்கா மட்டும் ஒரு சீட்டை நீட்டினார். குடியை விட முயல்கிறவர்கள் வியாழன்தோறும் ஆறு மணிக்குக் கூடிப் பேசும் இடங்களாம். இரண்டு முகவரி. ஒன்று எங்கள் தெருவிலேயே, நூலகத்துக்கு மேல்மாடி. படிக்கட்டுக்கு நேர் எதிரே சலூன். அந்தப் படியில் ஏறுவதற்குப் பதில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்துவிடலாம். இன்னொன்று ஊரின் மறுகோடி, இரண்டு பஸ். அதுதான் சரி.

மனைவியும் மகளும் போய் இன்றோடு ஐம்பது நாள். அவள் அண்ணன்தான் வந்து அழைத்துப் போனார். தெருவே கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்திவிட்டு.

மார்ச் 6, வியாழன்

போனேன். வாசல் வரை. கட்டடத்தை நான்கு முறை சுற்றினேன். வாட்ச்மேன் என்னைத் திருடன் என்றே முடிவு கட்டியிருப்பார். திரும்பிவிட்டேன்.

மார்ச் 8, சனி

குடித்தேன். எழுதாமல் விட்டால் மட்டும் இல்லை என்றாகிவிடுமா?

மார்ச் 13, வியாழன்

உள்ளே போய்விட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினோரு பேர். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "இங்க யாரைப் பாத்தோம், என்ன கேட்டோம்ங்கிறதை இங்கயே விட்டுட்டுப் போகணும்" என்றார். தலையாட்டினேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு மச்சான் வந்தார். ஆமாம், அதே மச்சான்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. தன் முறை வந்ததும் தரையைப் பார்த்துச் சொன்னார்: "வெளியூர் வேலைக்குப் போறப்போ மட்டும்தான் குடிப்பேன். குடிச்சதும் வீட்ல யாருக்கும் தெரியாது, விட்டதும் தெரியாது. ஒம்போது மாசம் ஆச்சு." அவரும் தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, சனி

மாட்டிக்கொண்டார்! அடுத்த வாரம் ஞாயிறு மாமனார் வீட்டில் பேச்சுவார்த்தை. என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லோர் வாயும் அடைத்துவிடும். இரண்டு நாளாக அந்த வாக்கியத்தைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் நடந்து நடந்து கால் வலிக்கிறது. குடிக்கவில்லை — கோபப்படவே நேரம் போதவில்லை.

மார்ச் 20, வியாழன்

மறுபடி போனேன். அவர் வருவாரா என்று பார்க்கத்தான், பொய் எதற்கு. முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீட்ல சொல்லிடுவீங்களா மாப்ள?"

"அன்னிக்கு என்னை அந்தக் கத்து கத்தினீங்களே மச்சான்?"

"உங்க வீட்டு மேசை மேல பாட்டில் இருந்துச்சு. பாதி. இன்னும் அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா எடுத்து வாயில வெச்சிருப்பேன். அதான் கத்திட்டு ஓடினேன்."

பஸ் வந்தது. இருவருமே ஏறவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மாமனார்தான் ஆரம்பித்தார்: "என் பையனைப் பாருங்க. ஒரு சொட்டு தொட்டிருப்பானா?" மச்சான் தரையில் எறும்பு தேடுகிறவர் போலக் குனிந்திருந்தார். அந்த வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது.

"நிறுத்திட்டேன்னு எத்தனை தடவை சொல்லிட்டீங்க" என்றாள் மனைவி.

"இந்தத் தடவை அப்படிச் சொல்லல. நிறுத்தப் பாக்கிறேன். வியாழக்கிழமை ஒரு கூட்டத்துக்குப் போறேன்."

"எங்க?" என்றார் மாமனார்.

மச்சான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். வியாழன்தோறும் ஊரின் மறுகோடியில் வேலை என்று வீட்டில் சொல்லித்தான் அவர் கிளம்புகிறாராம். இடத்தைச் சொன்னால் அவர் கதை கந்தல்.

"எங்க தெருதான். நூலகத்து மாடி" என்றேன்.

"ஒரு நாள் வந்து பாப்பேன்" என்றாள் அவள்.

போச்சு. இனி அந்தப் படியில் ஏறித்தான் ஆக வேண்டும். யாருக்காக இந்தப் பொய்? எனக்கே புரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

தெருவில் மூன்று முறை மேலும் கீழும் நடந்தேன். சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். "என்ன, லைப்ரரியா? இன்னிக்கு லீவாச்சே."

"லைப்ரரி இல்லண்ணே. அதுக்கு மேல."

காது சுட்டது. அவர் பாதி வெட்டிய தலைக்குத் திரும்பிப் போனார். மாடியில் ஏழு பேர். எங்கள் தெருத் தபால்காரர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

சலூன் வாசலில் அவள் நின்றிருந்தாள். நான் படியேறுவதைப் பார்த்தாள். இறங்கி வந்தபோது இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

குடிக்கத் தோன்றியது. ரொம்ப. மச்சானுக்கு போன் போட்டேன். இருபது நிமிஷம் பேசினோம் — மழை, முதுகுவலி, பஸ் கூட்டம்.

ஏப்ரல் 10, வியாழன்

மதியம் அவள் போன். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதாம். பிறகு கேட்டாள்: "அண்ணன் இப்ப உங்ககூட அடிக்கடி பேசுறானே. வியாழக்கிழமை அவன் எங்க போறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."



"முன்னெல்லாம் எவ்ளோ நல்லா பொய் சொல்வீங்க" என்றாள். "இப்ப உங்களுக்கு வரவே மாட்டேங்குது."

சிரித்தாளா, தெரியவில்லை. மேற்கொண்டு கேட்கவுமில்லை. "சனிக்கிழமை நாங்க வர்றோம். ரெண்டு நாளைக்கு. அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டைப் பெருக்கினேன். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. மறுபடியும் பெருக்கினேன்.