ஒரே பந்தலில் இரண்டு மஞ்சள் நீராட்டு

அம்மா,

கம்பெனி வேனிலிருந்து இறங்கி தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்ததும் உளுந்தங்களி வாசனை. அவள் மகள் போன வாரம் பெரியவளாகிவிட்டாள். நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டிக்கொண்டே தங்கச்சி, "நம்ம ரெண்டு பேருக்கும் அம்மா ஒண்ணா செஞ்சாங்களே, அது மாரி யாருக்குக்கா நடந்துச்சி?" என்றாள். நான் கை கழுவும் சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன். இன்னமும் அவளுக்குத் தெரியாது.

அவளைவிட இரண்டு வயது மூத்தவள் நான். ஆனால் அவள் தோளுக்குத்தான் வருவேன். அவள் வயசுக்கு வந்த அன்று நீ என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "சின்னவ முந்திக்கினான்னா உன்ன இன்னா பேசுவாங்க தெரியுமா? கம்முனு போய் அவ பக்கத்துல குந்து" என்றாய். அக்காவும் தங்கையும் ஒரே வாரத்தில் ஆனதாக நைனாவிடம் சொன்னாய். மாமா இரண்டு பேருக்கும் சீர் கொண்டுவந்தார். நலங்கு வைத்த பெரியம்மா, "இன்னாடி இது, இதுல எது பெரிசு, எது சின்னது?" என்றதும் பந்தலே சிரித்தது. ஜோடித்த நாற்காலியில் என் கால் தரையைத் தொடவில்லை. அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதற்குப் பிறகு மாதாமாதம் அந்தப் பொய்க்கு நாம் தீனி போட்டோம். வராத ஒன்றுக்காக மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து தனித்தட்டில் சாப்பிட்டேன். நான் மறந்தாலும் நீ மறக்கமாட்டாய்.

பள்ளிக்கு வந்த டாக்டரம்மா என் உயரத்தையும், கழுத்தின் இரு பக்கமும் விரிந்திருந்த தோலையும் பார்த்துவிட்டு உன்னை வரச்சொன்னார். "பொண்ணு பெரியவளாயிட்டாளா?"

"ஆச்சுங்க டாக்டரு, போன வருஷமே."

என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். சத்து டானிக் எழுதிக்கொடுத்துவிட்டார்.

ஊத்துக்கோட்டையிலிருந்து வரன் வந்தபோதுதான் நீ உடைந்தாய். "இன்னொருத்தர் ஊட்டுப் புள்ளைய ஏமாத்தக் கூடாதுடீ" என்று, நைனாவுக்குக்கூடச் சொல்லாமல் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனாய். ரத்தத்தைச் சோதித்தார்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டுமாம், எனக்கு ஒன்றுதான். அதனால்தான் சினைப்பை வளரவில்லை. உயரமும் கழுத்தும் அதனால்தான். இதயத்தையும் வருஷா வருஷம் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். "இது யார் தப்பும் இல்லம்மா. சின்ன வயசுலயே வந்திருந்தா உயரத்துக்கு ஊசி போட்டிருக்கலாம், அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' உன்னை அறைந்துவிட்டது. திரும்பும் ரயிலில், பொன்னேரி தாண்டியதும், "அன்னிக்கே உண்மைய சொல்லியிருந்தா நீ வளர்ந்திருப்ப இல்ல?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்மேல் கோபம் இருந்தது. அன்று டாக்டரம்மாவிடம் நானும்தானே தலையாட்டினேன் என்று உன்னைவிட அதிகமாகக் கூசிப்போயிருந்தேன்.

வரனை ஏதோ ஜாதகக் காரணம் சொல்லித் தட்டிக்கழித்தாய். டாக்டர் எழுதித் தந்த ஹார்மோன் மாத்திரையை அட்டை பிரித்து, வெந்தய டப்பாவில் போட்டு, தினமும் நீயே கையில் கொடுத்தாய். "கொஞ்ச நாள் போட்டா ரெண்டாவது மாத்திர தருவாங்களாம், அப்பால வந்துடுமாம்" என்று என்னைவிட நீதான் காத்திருந்தாய். அதற்குள் காய்ச்சலில் படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை.

இதய ஸ்கேனுக்குப் போகிற நாளில் கண் ஆஸ்பத்திரி என்றுதான் இப்போதும் சொல்கிறேன். டாக்டர் எத்தனை முறை சொன்னாலும் இந்த வெட்கம் விடமாட்டேன் என்கிறது. நீ சொல்லிக்கொடுத்த பொய் என் வாயில் அப்படியே இருக்கிறது.

நீ போன சில மாதம் கழித்து, டாக்டர் அந்த இரண்டாவது மாத்திரையையும் தொடங்கியிருந்த சமயம், வேலை நேரத்தில் அடிவயிறு வலித்தது. கம்பெனி கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தேன். அழுகையும் சிரிப்பும் வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது? ஊருக்கு நான் எப்போதோ பெரியவள். ஆகவில்லை என்று தெரிந்தவள் வீட்டில் நீ ஒருத்திதான்.

இத்தனை வருஷமாகத் தொண்டையிலேயே வைத்திருக்கிறேன்.

அம்மா, நான் வயசுக்கு வந்துட்டேன்.