வெள்ளை கிளிப், நீல கிளிப்

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரியம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் என் அன்னையாருக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி அளவில், நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் முன்னிலையில், உன் ஒரே மகன் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டான். உயிர்ச்சேதம் இல்லை. தலையைப் பற்றியது என்பதால் இதைத் தலைப்புச் செய்தியாகவே வைத்திருக்கிறேன். தொழில் ரத்தத்தில் ஓடுகிறது அம்மா. பார்த்தவர்கள் எல்லோரும் அசந்துபோய் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டதே, இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்களா? அப்பா முட்டை செய்கிறார். காலையில் முட்டை, மதியம் முட்டை, இரவில் ஒரு மாறுதலுக்காக இரண்டு முட்டை. நேற்று நான் வகுப்பில் பேச வாயைத் திறந்தபோது கொக்கரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பக்கத்துத் தையல் கடை ஸ்பீக்கர் அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொன்னார் என்பது சரியில்லை, ஒலிபரப்பினார். தெருக்கோடியில் இருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் இப்போது நீ ஊரில் இல்லாதது தெரியும். பாக்கெட் இல்லாத பெண்கள் உடையைத் தொடவே மாட்டேன் என்ற அவருடைய சபதம் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஒருத்தி வந்து, பாக்கெட் வைத்தால் இடுப்பு தடித்துத் தெரியும், வேண்டாம் என்றாளாம். "அப்போ சாவியை வாயில வெச்சுக்கோம்மா" என்று சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, இரண்டு பக்கமும் பாக்கெட் கேட்டிருக்கிறாள்.

நீ கேட்பாய், இதையெல்லாம் ஃபோனில் சொல்லக் கூடாதா என்று. கூடாது. ஃபோன் என்றால் உனக்கு ஆகாது, எனக்கும் தெரியும். நம் வீட்டில் பெரிய விஷயம் எல்லாம் என்றைக்கும் காகிதத்தில்தான் வந்திருக்கிறது. குறுஞ்செய்தி என்றால் அனுப்பிவிட்டு அழித்துவிடுவேன். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட்டபிறகு கையை விட்டு எடுக்க முடியாது. (என் கை போகாது. போன வருஷம் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.)

நீ குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவிட்டுப் போன சீட்டை அப்பா இன்னும் எடுக்கவில்லை. "கடை வேண்டாம். பேச வராதவள் கடை வைத்திருக்கக் கூடாது. பழைய இடத்திலேயே கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடலாம்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். முட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதைத்தான் படிக்கிறோம். நாம் எத்தனை முட்டை சாப்பிடுகிறோம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பழைய இடம் என்றால் அந்தப் பெரிய பார்லர். பதினோரு வருஷம் பின்கட்டில் நின்று தலை அலசிவிட்டாயே, அதே இடம். முன்னால் நாற்காலிப் பக்கம் வர வேண்டாம், வருகிறவர்கள் கலகலப்பை எதிர்பார்ப்பார்கள் என்று முதலாளியம்மா சொன்னதை நீ வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை நீ எடுத்துக்கொண்டு போகவில்லை. துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாய். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அம்மா, நான் நம் கடையைப் பற்றி வெளியில் நிறையப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். யோசனையே என்னுடையது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களிடம் எல்லாம், "எங்க அம்மா கைதான், மூளை நான்" என்றேன். அந்த மூளை வைத்த பெயர் என்ன தெரியுமா? "முடியாதது எதுவுமில்லை." பலகையில் அதை எழுதலாம் என்று நான் குதித்தபோது நீ சிரித்துவிட்டு, "பேசலாம். பேசாமலும் இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தாய். வாசலில் இரண்டு கண்ணாடி ஜாடி, ஒன்றில் வெள்ளை கிளிப், ஒன்றில் நீல கிளிப். அமைதியாக இருக்க விரும்புகிறவர் வெள்ளையை எடுத்துத் தோளில் போர்த்திய துணியில் குத்திக்கொள்ள வேண்டும். பேச்சு வேண்டும் என்கிறவருக்கு நீலம். எல்லாம் உன் யோசனை. ஜாடியில் ஒட்டிய இரண்டு சீட்டு மட்டும்தான் என் கையெழுத்து.

வெள்ளைக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று நானும் பார்த்தேன். நாள் முழுக்கக் கத்திவிட்டு வரும் டீச்சர், ஃபோனில் ஆயிரம் பேருக்கு வணக்கம் சொல்லும் அந்த அக்கா, எல்லோரும் உன் நாற்காலியில் உட்கார்ந்ததும் தோளை இறக்கிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நீலம் எடுப்பது ஸ்பீக்கர் அத்தை மட்டும்தான், அதுவும் அவர் பேசுவதற்கு. "உங்கம்மா கடை மாதிரி நான் வெச்சா ஒரே நாள்ல எனக்கு மூச்சு முட்டிடும். என் கடை மாதிரி அவ வெச்சா அவளுக்கு முட்டிடும். அவங்கவங்க கடை அவங்கவங்க மாதிரி இருக்கணும்டா" என்று போன வாரம் பொத்தானைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முட்டை என்பதால் மட்டும் இல்லை.

இனி நேராக எழுதிவிடுகிறேன். எழுதுகிற கையே பின்னால் இழுக்கிறது.

நீ ஊருக்குப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை என் வகுப்புக் கூட்டாளி அரைடிக்கெட் வீட்டுக்கு வந்திருந்தான். அதற்கு முந்தைய நாள் வகுப்பில் ஒருவன், "உங்கம்மா வெச்சிருக்கறது ஊமைக் கடையாமே" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கிறவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டால் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்பது என் நெடுநாள் தத்துவம். கத்தரியை எடுப்பது போல விரலை நீட்டி, காற்றில் இரண்டு தடவை வெட்டிக் காட்டினேன். திக்கி வார்த்தை நின்றுவிட்டால் நீ செய்வாயே, அது. பெஞ்சே அதிர்ந்தது. அந்தக் கைதட்டலின் சூட்டில், இதைவிடப் பெரிய வேடிக்கை காட்டுகிறேன் என்று அரைடிக்கெட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ கடையைத் திறந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஜாடிகளின் சீட்டை மாற்றி ஒட்டினேன். சீட்டு வாசலைப் பார்த்து இருக்கும், உனக்கு ஜாடியின் முதுகுதான் தெரியும். பழைய ஆட்களுக்குக் கை தானாகப் பழகிய நிறத்துக்குப் போய்விடும். ஆனால் டீச்சர் சொல்லி அன்று வந்த மூன்று பேரும் புதியவர்கள்.

நாங்கள் ஸ்பீக்கர் அத்தை கடையின் பக்க ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றோம். முதலாவது ஆள் பேச ஆசைப்பட்டு வந்தவர். சீட்டைப் படித்து அவர் எடுத்தது வெள்ளை. நீ கண்ணாடியில் வெள்ளையைப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னாலும் மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டினாய். வெளியே வந்து யாரிடமோ ஃபோனில், "கை நல்ல கை, ஆனா ரொம்ப தலைக்கனம்" என்றார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டாவது ஆள் அமைதிக்காக வந்தவர். அவருக்காக நீ வெயிலைப் பற்றி, மழையைப் பற்றி, ஒவ்வொரு வார்த்தையாகக் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துக் கொடுத்தாய். அவர் கண்ணை இறுக்கிக்கொண்டார்.

மூன்றாவது, இடுப்புக்குக் கீழே முடி இறங்கியிருந்த அந்தப் பெண். அவர் ஜாடிகளுக்கு முன்னால் நின்று சீட்டை இரண்டு முறை படித்தார். நான் பார்த்தேன். அமைதி என்று நம்பி நீலத்தைக் குத்திக்கொண்டார். நீ ஒரு பக்கத்தை வெட்டி முடிக்கும்வரை தைரியத்தைச் சேர்த்திருப்பாய் போல. அப்புறம் கேட்டாய். இவ்வளவு நீளமான முடியை ஏன் வெட்ட மனசு வந்தது என்று ஒரே ஒரு கேள்வி. அதைச் சொல்லி முடிக்க உன் கத்தரி ஐந்து தடவை காற்றை வெட்டியது. அரைடிக்கெட் சிரித்தான். நான் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

அவர் அழுததை நீதான் பக்கத்தில் இருந்து பார்த்தாய். பாதித் தலை கழுத்தளவு, பாதித் தலை இடுப்பளவு, போர்த்திய துணியோடு அப்படியே எழுந்து தெருவில் நடந்தார். நீ கத்தரியைக் கையில் பிடித்தபடி செருப்பில்லாமல் பின்னால் ஓடினாய். ஓடுகிற அவசரத்தில் உனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்போது நான் சிரிக்கவில்லை அம்மா. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் கடையைப் பெருக்க வருகிற சாக்கில் வந்து, ஜாடியைத் துடைப்பது போலச் சீட்டை மறுபடி மாற்றினேன். நீ என் தலையில் கை வைத்து, "சொல்லாமலே துடைக்கிறியே, நல்ல பிள்ளை" என்றாய். அந்த வாக்கியம் மட்டும் ஒரு இடத்திலும் நிற்காமல் வந்தது. அப்புறம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாடம் படிப்பதாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நீ உன் நாற்காலியில் உட்கார்ந்து, அதே கேள்வியைக் கண்ணாடியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாய். ஏழு தடவை. நான் எண்ணினேன்.

வாய் நீளம் என்று எனக்குப் பெயர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் உன் கடையைக் கெடுத்துவிட்டது. உன் பேச்சைக் கேட்டு யாரும் எழுந்து போகவில்லை அம்மா. வேண்டாம் என்று சொன்னவரிடம் பேசும்படி உன்னை நான் ஏமாற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்றையும் இத்துடன் கொட்டிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு நீ வரும்போதெல்லாம், "அம்மாவுக்குத் தொண்டை வலி சார்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன். நான்கு வருஷமாக அதே தொண்டை வலி. நீ பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவாய். ஒரு தடவை தொண்டையைத் தொட்டும் காட்டினாய், எனக்காக.

முந்தாநாள் பள்ளி விட்டு வந்தால் கடை ஷட்டருக்கு முன்னால் அந்தப் பெண் நிற்கிறார். தலையில் ஸ்கார்ஃப். கையில் நம் போர்த்தும் துணி, துவைத்து இஸ்திரி போட்டு நான்காக மடித்தது. "அம்மா இல்லையாப்பா?" என்றார். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். வேறு இடத்தில் மீதியை வெட்டிக்கொள்ளவில்லையா என்று கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருக்காதே. "எங்க போனாலும் ஏன்னு கேப்பாங்க. இங்க கேக்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றார். துணியை என்னிடம் நீட்டி, "அவங்க மேல தப்பில்ல. எவ்ளோ கஷ்டப்பட்டுக் கேட்டாங்க. நான்தான் அப்படி எழுந்து வந்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் அம்மா. நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சொல்லிவிட்டேன். ஜாடி, சீட்டு, ஜன்னல், எல்லாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். ஷட்டரைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அமைதிக்கான ஜாடி எது என்று கேட்டு, ஒரு வெள்ளை கிளிப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "என்கிட்டயே சொல்லிட்ட. அவங்ககிட்ட சொல்ல என்ன கேடு? மாசக் கடைசி வரைக்கும் இந்த ஸ்கார்ஃபை வெச்சு ஓட்டிடுவேன், அதுக்கு மேல முடியாது. வந்ததும் சொல்லு" என்று தன் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் வெட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை. நம் கடையில் அதைக் கேட்க மாட்டோம்.

அந்த இரண்டு சீட்டையும் ஜாடியிலிருந்து உரித்து இதற்குள் வைத்திருக்கிறேன். நீயே கிழித்துப் போடு. புதிதாக உன் கையெழுத்தில் எழுதி ஒட்டு. அப்பாவிடம் இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ என்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அது எனக்கு வேண்டியதுதான். சாவியை மட்டும் கொடுத்துவிடாதே. பெரியம்மா நடக்க ஆரம்பித்ததும் வா.

கடைசியாக, மேலே சொன்ன தலைப்புச் செய்தியில் ஒரு சிறு திருத்தம். பார்த்தவர்கள் அசந்துபோய்ப் பேசாமல் இல்லை, பரிதாபப்பட்டுப் பேசாமல் இருந்தார்கள். பள்ளியில் முடி வெட்டி வரச் சொன்னார்கள். உன்னைத் தவிர வேறு யாரும் என் தலையைத் தொட்டதில்லை, இன்னொரு கடைக்குப் போகக் கால் வரவில்லை. உன் கத்தரிக்கோலைத் தொடும் யோக்கியதை எனக்கு இல்லை என்று பால் பாக்கெட் வெட்டும் கத்தரியால் வெட்டினேன். பிடரி எலி கடித்த பாய் மாதிரி இருக்கிறது. "எங்கயாவது விழுந்துட்டியாடா?" என்றார் அப்பா. அன்றிலிருந்து தொப்பி. ஷட்டருக்கு முன்னால் ஸ்கார்ஃபோடு அவரும் தொப்பியோடு நானும் நின்றோம். கிளம்பும்போது தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். அவர் லேசாகச் சிரித்தார்.

நீ வந்ததும் முதலில் அவருக்கு. அடுத்தது எனக்கு. நான் நீல கிளிப் எடுத்துக்கொள்கிறேன் அம்மா. ஒரு வார்த்தைக்கு எத்தனை தடவை கத்தரி காற்றை வெட்டினாலும் சரி, தலையை ஆட்டாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெரியம்மாவுக்கு என் அன்பு.

நல்ல பிள்ளை என்று நீ சொன்ன,
அப்படி இல்லாத,
உன் மகன்