மெயினை இறக்கும் கை

போன வாரம் சர்வர் பெட்டியைத் தூக்கியபோது, அதன் அடியில் நீ ஒட்டிய பிளாஸ்திரி கண்ணில் பட்டது. உன் கோணல் எழுத்து: ‘மெதுவாவே இருக்கட்டும். கேக்காத.’ நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. கேட்க ஆள் இல்லாத நேரத்தில் கேட்காதே என்றால் என்னப்பா அர்த்தம்?

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, சரக்கு தெரியும். ஆடுகோடியில் பிளைவுட்டும் கீலும் விற்று ஒரு கடையை மூன்றாக்கியவன். நீ தங்கவயலிலிருந்து தினம் ரயிலேறி வந்து, உன் வேலை முடிந்த கையோடு இந்தப் பெட்டியை எனக்குப் பூட்டிக் கொடுத்தாய். ஒரே பெட்டிக்குள் மூன்று மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்: பில்லுக்கு, சரக்கு இருப்புக்கு, கேமராவுக்கு. “ஒரே வூட்ல மூணு குடித்தனம் குரு. கொழா மட்டும் ஒண்ணு” என்று டிஸ்க்கைத் தட்டிக் காட்டினாய். சிநேகிதன் எவனும் உனக்குக் ‘குரு’தான்.

இப்போது மூன்று கடை பில்லும் அதில்தான். பில் வருவதற்குள் ஆசாரிமார் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். மெமரி கூட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஈஜிபுராவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெண்ணை வரவழைத்தேன்.

“அங்கிள், ஒவ்வொரு பில்லும் டிஸ்க்ல நெஜமா எழுதி முடிச்சாதான் அடுத்ததுக்குப் போகுது. மெமரில வாங்கி வச்சு அப்புறமா எழுதுற மாதிரி மாத்தினா பறக்கும். யாரு இப்படிக் கட்டிப் போட்டது?”

“எதுக்கும்மா ஆராய்ச்சி? மாத்து.”

“கரண்ட் பட்டுனு போனா மெமரில இருக்கறது காலி. யூபிஎஸ் இருக்கில்ல?”

“இருக்கு. கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை எறக்கினா அது கத்தும். அதையும் அமுக்கி ஆஃப் பண்ணிடுவேன்.”

“மிஷின் ஓடும்போதேவா? டெய்லியா?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரச்சரக்கு வைத்திருப்பவன் புத்தி, மெயினை இறக்காமல் ஷட்டரை இழுக்க மாட்டேன். “மொதல்ல மிஷினை ஆஃப் பண்ணு. சும்னே புடுங்காத குரு!” என்று எத்தனை முறை கத்தினாய்! “உன் பொட்டிக்காக என் கடை எரியணுமா?” என்பேன். ஒருநாள் கத்துவதை நிறுத்திவிட்டாய். நான் ஜெயித்ததாக நினைத்தேன். பெட்டியை இப்படிக் கட்டிவிட்டுத்தான் நிறுத்தினாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ கட்டியதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் கேமராவை மட்டும் தனி டிஸ்க்குக்கு மாற்றினாள். அந்தக் குடித்தனம்தான் நாள் முழுக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். பில் இப்போது சடசடவென்று வருகிறது. ஆசாரிமார் நிற்கிறார்கள்.

ஆனால் ஒன்று புரியவில்லை. என் பிடிவாதத்துக்கு ஏற்றபடி பெட்டியைக் கட்டி என் பில்லையெல்லாம் காப்பாற்றினாயா? இல்லை, இவன் திருந்த மாட்டான் என்று கை கழுவினாயா? இரண்டுக்கும் ஒரே அமைப்புதான். எதை எடுத்துக்கொள்வது? பேரம் பேசி எவன் மனதையும் படிப்பவன் நான். உன்னிடம் மட்டும் கணக்கு உதைக்கிறது.

இப்போதெல்லாம் கடை சாத்தும்போது முதலில் பெட்டியை நிறுத்துகிறேன். பச்சை விளக்கு அணைய அரை நிமிடம். அதுவரை மெயின் மேல் கை வைத்தபடி, புடுங்காமல் நிற்கிறேன். யாராவது கத்த மாட்டார்களா என்றிருக்கிறது.