கீழிருந்து பேச்சு வராத காலை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கக் கை வரவில்லை. உன் நலத்தைக் கெடுத்தவனே நான் என்று ஆன பிறகு அதை எந்த முகத்தோடு கேட்பது?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உங்கள் வீட்டுக்கு வந்த பேச்சில்லாத அழைப்புகள் எல்லாம் என்னுடையவைதான். நீ "யாரு?" என்றதும் ஓர் இருமலோடு வைத்துவிடுகிறேன். ஒருமுறை அத்தான் எடுத்து, "பேசணும்னா பேசு, இல்லன்னா போனை வச்சுட்டுப் போய்ச் சாப்பிடு" என்றார். நான்தான் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்னும் விளங்கவில்லை.

லாரியை மூடும் தார்ப்பாய் தைக்கிற பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். மலையிலிருந்து பறக்கிற பாராகிளைடரின் துணிச் சிறகு தைத்துப் பழகிய கை என்பதால் தையல் நெருக்கமாக விழுகிறது. "ஏம்ப்பா, இது லாரிக்குப் போறது, மாப்பிள்ளைக்குச் சட்டை இல்ல" என்று முதலாளி கிண்டல் செய்கிறார். தலைக்கு மேல் தகரக் கூரை. வானத்தை நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லாத வேலை என்றுதான் இதற்கு வந்தேன்.

நீ பறக்கையில் விழுந்ததற்கு வாக்கி டாக்கி பழுதுதான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. நீ மட்டும் அதை நம்பியிருக்க மாட்டாய். நீ மலை மேல், நான் மைதானத்தில். கீழிருந்து பேச்சு வந்தால் நில், வராவிட்டால் கிளம்பு. இத்தனை வருஷமும் நாம் வைத்துக்கொண்ட முறை அதுதான். அன்று காலை, திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பை திரும்பி, காற்று மரவரிசைப் பக்கமிருந்து வீச ஆரம்பித்ததைப் பார்த்தேன். வாக்கி டாக்கிப் பெட்டி கையில்தான் இருந்தது. எல்லாம் தெரிந்தவள்தானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். நீ மலையிலிருந்து கால் எடுத்த பிறகுதான் பேசப் பொத்தானை அழுத்தினேன். காட்டையும் ஆற்றையும் விட்டால் அந்த மைதானம் ஒன்றுதான் இறங்க இடம் என்று எனக்குத் தெரியாதா?

கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தான்தான் பிரித்துக் கொடுத்தார். போனில் இருந்தது நீதான் என்று அவருக்கு முதல் நாளே தெரியும். இருமலை வைத்துக் கண்டுபிடித்தாராம்.

இடுப்பு எலும்பு கூடிவிட்டது. வலது முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வீட்டுப் படி ஏற முடியாததால் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே தரைத்தளத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். தினமும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் விட்டு நடக்கச் சொல்கிறார்கள். எதிரில் ஆளுயரக் கண்ணாடி வேறு. என் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு வருகிறது.

நீ உன் பங்கை எழுதிவிட்டாய், என் பங்கையும் கேட்டுக்கொள். முந்தின நாள் சாயங்காலம், நாளைக்குக் காற்று சரியிருக்காது என்று நீ சொன்னபோது, "மண்ணுல நிக்கிறவனுக்கு என்னடா தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் நான். மற்ற பைலட்டுகள் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. மறுநாள் சிறகை விரித்து நிற்கும்போது, இவன் கோபத்தில் இருக்கிறானே, ஒருதரம் கேட்டுவிடுவோமா என்று எனக்குத் தோன்றியது. நான் போய்க் கேட்பதா என்று வீம்பு. கோபக்காரனின் மௌனத்தை நல்ல காற்று என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா சின்ன மேட்டுப் பயிற்சியை முடித்துவிட்டாள். அடுத்த மாதம் மலையிலிருந்து தனியாகப் பறக்க வேண்டும். "மாமா கீழ நின்னாத்தான் பறப்பேன்" என்கிறாள். என் பெண் இல்லையா, பிடித்தால் விடமாட்டாள். வா.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

முடியாது. என்னைக் கேட்காதே. உன்னை விழவைத்த கையில் உன் மகளையும் கொடுக்கிறாயா? வேறு யாரையாவது நிறுத்து. பாப்பாவிடம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு.

தம்பி

மார்ச் 5

தம்பி,

பாப்பாவிடம் பொய் சொல்ல என்னால் ஆகாது. வேண்டுமானால் நீயே சொல்லிக்கொள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்துவிட்டு, நான் கண் திறந்ததும் கிளம்பிவிட்டாயாம். நர்ஸ் சொன்னாள். இன்றுவரை என் முகத்தை நீ பார்க்கவில்லை. விழுந்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, தெரியுமா? எனக்கு இருப்பது ஒரே தம்பி. காலும் போய் நீயும் போனால் நான் என்ன செய்ய?

என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் பார்க்காதே. நான் இங்கே ஊரில்தான் கிடக்கிறேன், மைதானத்துக்கு வரப்போவதில்லை. அங்கே போய் என் பெண்ணுக்கு மட்டும் துணையாக நில். இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டேன். மைதானத்துக் கொட்டகையிலேயே படுக்கை. பாப்பா உன்னைப் போலவே உயரமாக வளர்ந்துவிட்டாள். சிறகை மடிக்கும்போது நாக்கைக் கடிப்பதுகூட உன் வழக்கம்தான்.

முதல் நாள் அவள் மலை மேல் நின்றபோது வேண்டாம் என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் இறங்கி வந்தாள். இரண்டாம் நாளும் வேண்டாம் என்றேன். நேற்றும் அதேதான். மூன்று நாளும் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பறந்து, பூப்போல என் முன்னால் இறங்கி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அத்தனை கனச் சிறகையும் முதுகில் சுமந்துகொண்டு பாப்பா மட்டும் நடந்து இறங்கினாள். நேற்று சிறகை என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். இன்னொரு பைலட், "என்னண்ணே, காத்து உங்களுக்கு மட்டும் தனியா அடிக்குதா?" என்றான்.

காற்றுப்பை கொஞ்சம் அசைந்தாலே, மர உச்சியில் உன் சிறகு சுருண்டு நீ கீழே வந்தது கண்ணில் நிற்கிறது. நான் சொல்வது காற்றையா, என் பயத்தையா என்று எனக்கே தெரியவில்லை. அன்று பேசாமல் கெடுத்தேன், இன்று பேசிக் கெடுக்கிறேன். என்னை விட்டுவிடு அக்கா. பட்டறையில் இன்னும் என் இடத்துக்கு ஆள் போடவில்லை.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

விட்டுவிடுவது எனக்குச் சுலபம். அதனால்தான் யோசித்தேன்.

நம் முறையே தப்படா. மேலே நிற்கிறவள் எதையும் கேட்காமல், முழுப் பாரத்தையும் கீழே இருப்பவன் தலையில் ஏற்றிவிட்டு ஓடுவது என்ன முறை? அதை வகுத்தவள் நான். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒன்று ஆனால் உன் குற்றம், ஆகாவிட்டால் என் சாமர்த்தியம்.

இனிமேல் போ என்றும் சொல்லாதே, வேண்டாம் என்றும் சொல்லாதே. காற்றுப்பை எந்தப் பக்கம் நிற்கிறது, முழுக்க நிமிர்ந்திருக்கிறதா, மர உச்சி ஆடுகிறதா, கண்ணில் படுவதை விடாமல் சொல்லிக்கொண்டே இரு. பயமாக இருந்தால் அதையும் சொல். முடிவை அவள் எடுக்கட்டும். பாப்பாவுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். அவள் பறக்கிற நேரத்தில் நான் இங்கே என்ன பாடுபடுவேன் என்பதைப் பற்றி நீ கவலைப்படாதே.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா உன்னிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். ஆனாலும் நானும் எழுத வேண்டும்.

நேற்று விடிந்ததும் பெட்டியை எடுத்துப் பேச ஆரம்பித்தேன். "காத்து ஆத்துப் பக்கமிருந்து வருது. பை பாதிதான் நிமிந்திருக்கு. மரம் சும்மா இருக்கு" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பிறகு, "பாப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். உடனே பதில் வந்தது: "அது காத்துக் கணக்குல சேராது மாமா. மரத்தைச் சொல்லு." மரம் சும்மாதான் இருக்கிறது என்றேன். அவள் ஓடினாள்.

சிறகு தலைக்கு மேல் ஏறி நின்றதைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை அக்கா. மரவரிசையைத் தாண்டும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன். இறங்கும்போது இன்னும் இரண்டு அடி ஓடியிருக்க வேண்டும், மண்டியிட்டு விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. அதைப் பார்த்து நான் அழுததற்கு அங்கே எல்லோரும் சிரித்தார்கள், பாப்பாவும் சிரித்தாள்.

இதனால் என் மனசு ஆறிவிட்டது என்று நினைக்காதே. அவள் நல்லபடியாக இறங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது, அன்றும் இப்படி நாலு வார்த்தை பேசியிருந்தால் போதுமே என்பதுதான். உன் கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. அதைத் தெரிந்துகொண்டேதான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். கதவைத் திறக்க நீ எழுந்து வராதே, அத்தானை அனுப்பு என்றுதான் முதலில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். நீயே வா. எவ்வளவு நேரம் ஆனாலும் வாசலில் நிற்கிறேன். நீ நடந்து வருவதை நான் பார்க்க வேண்டும்.

உன் தம்பி