ஒரே கம்பி, நாலு கை

மே 6, திங்கள்.
வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாலாற்றில் வெறும் மணல். சட்டைக்குப் பொத்தான் வாங்க வேண்டும்.

தோல் ஷெட்டில் வேலை செய்யும் அந்தோணியம்மா ஒரு மணிக்குத் தந்தி ஆபீஸுக்கு வந்தாள். மகன் மதராஸில். நாலு மணிக்கு ரங்கூன் கப்பல். அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, ஏறாதே என்று தந்தி.

எங்கள் ஆம்பூரோடு சேர்த்து நாலு ஆபீஸுக்கு ஒரே கம்பி. இருவர் ஒரே நேரத்தில் அடித்தால் இரண்டும் குழம்பும். உடனே நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி அடிக்கவேண்டுமாம். மேலிடத்துச் சர்குலர். நான் பத்து எண்ணி அடித்தேன். பக்கத்து ஊர் தேவராஜும் பத்து எண்ணி அடித்தான். குழப்பம். மறுபடி பத்து. இருவரும் அவ்வளவு ஒழுங்கு!

"போய்ட்டுதாய்யா?"

"கொஞ்சம் பொறும்மா."

போனபோது மூன்றரை. இனி மதராஸில் எந்தப் பியூன் தந்தியோடு ஓடி என்ன பயன்?

மே 7, செவ்வாய்.
பையன் கப்பல் ஏறிவிட்டான். "நீங்க இன்னா பண்ணுவீங்க சாமி" என்றாள் அந்தோணியம்மா. திட்டியிருக்கலாம்.

மதியம் கம்பி சும்மா இருந்தபோது மற்ற மூன்று ஆபீஸுக்கும் அடித்தேன். இனி குழம்பினால் எண்ணுவதற்கு ஆளுக்கொரு எண். எனக்கு நாலு, தேவராஜுக்கு எட்டு, மற்ற இருவருக்கும் பன்னிரண்டு, பதினாறு. வாராவாரம் முறை மாறும்.

தேவராஜ் கேட்டான்: "சர்குலர்?"

"குப்பையில்."

மே 9, வியாழன்.
இரண்டு நாளாக ஒரு தந்தியும் தேங்கவில்லை. மேலிடத்துக்கு அதற்குள் மூக்கில் வேர்த்துவிட்டது. நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். சர்குலரை மீறியதற்கு மன்னிப்பு எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை.

வீட்டில் மேரி: "கையெழுத்த போட்டுத் தொலைங்களேன். வேலை போய்ட்டா புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

"தப்பு பண்ணியிருந்தா போடலாம்."

ரசத்தில் உப்பு ஜாஸ்தி. கோபம்தான்.

மே 10, வெள்ளி.
புழுக்கம். பொத்தான் இன்னும் வாங்கவில்லை. இன்ஸ். வந்ததும் நாலு ஆபீஸுக்கும் உத்தரவு: பழையபடி பத்து. என் முன்னால் மன்னிப்புத் தாள்.

"கையெழுத்துப் போடும்."

"மாட்டேன் சார். நீங்களே உக்காந்து ஒரு தந்தி அனுப்பிக் காட்டுங்க."

நானா பேசினேன்? எனக்கே ஆச்சரியம்.

உட்கார்ந்தார். அடித்தார். தேவராஜும் அந்த நேரம் பார்த்து அடித்தான். பத்து எண்ணினார். குழப்பம். மறுபடி பத்து. மறுபடி குழப்பம். வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள். அவர் கழுத்தெல்லாம் வேர்வை.

அடுத்த முறை அவர் உதட்டையே பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அழுத்திவிட்டார். தந்தி போனது.

மன்னிப்புத் தாளை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் கொடுத்தேன்.