நான் படிக்காமல் அழிந்த உன் செய்தி

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. நீ நலமா என்பதையும் மரியாதைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். நீ இருக்கிறாய், வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறாய், காலையில் கிளம்பி எங்கேயோ போய்விட்டு வருகிறாய், அவ்வளவுதான் உன்னோடு அறையில் தங்கியிருப்பவர் சொன்னார். என் குரலைக் கேட்டதும் முதலில் போனை வைக்கப் பார்த்தார், பிறகு மனசு கேட்காமல் பேசினார், நல்ல மனிதர். இந்தக் கவரை உன் தலையணை மேல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தால் இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுக் கிழி. நீ எனக்கு அனுப்பியதை நான் படிக்கவில்லை. படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே, அது என் கண்ணிலேயே படவில்லை. உன் பக்கம் நீல டிக் விழுந்திருக்கும், தெரியும். அதை விழ வைத்தது நான் இல்லை தம்பி.

கடை இப்போது நீ இங்கே இருந்தபோது நடந்தது போல நடக்கவில்லை. அப்போது ஆட்கள் தாளைக் கையில் கொண்டுவந்து நீட்டுவார்கள், நாம் கண்ணாடி மேல் கவிழ்த்து மூடி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்போம். இப்போது எவரும் தாள் கொண்டுவருவதில்லை. எல்லாம் போனில் இருக்கிறது, அதை என் நம்பருக்கு வாட்ஸப்பில் தள்ளிவிட்டு எதிரே நின்று கொட்டாவி விடுகிறார்கள். என் வாட்ஸப்பைக் கடைக் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருக்கிறோம், திரையில் வருகிற புள்ளிக் கட்டத்தைப் போனைக் காட்டிப் பிடித்தால் போதும், போனில் வருவதெல்லாம் அங்கேயும் வந்துவிடும். பிறகு போன் பாட்டுக்கு மேஜை டிராயரில் சார்ஜில் கிடக்கும், உன் மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பிரிண்ட் கொடுப்பார். கடைக்கு வேற நம்பர் வாங்குங்கப்பா என்று நீ போன லீவில் சொன்னாய். ஒரு மனுஷனுக்கு எதற்கு ரெண்டு நம்பர், நான் என்ன கப்பல் கம்பெனியா நடத்துகிறேன் என்று உன்னைக் கேலி செய்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஷட்டரை இறக்கும் முன்னால் அன்றைக்கு வந்த எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். ஊராரின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வக்கீல் நோட்டீஸ் என்று எல்லாம் நம்மிடம் கிடக்கிறது, நாளைக்கு யாராவது எடுத்து ஏடாகூடமாக ஏதாவது செய்தால் யார் பதில் சொல்வது. கம்ப்யூட்டரில் அழித்தால் போனிலும் சேர்ந்து போய்விடும், அதுதான் எனக்கு அதில் பிடித்தது. மற்ற வேலையெல்லாம் மாமாவிடம் விடுவேன், அந்த வேலையை மட்டும் நானே செய்வேன். இந்தத் தெருவில் இப்படிச் செய்கிற கடை நம்முடையது ஒன்றுதான் என்று வருகிறவர் போகிறவரிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

அன்றைக்கு ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள், படியில் நிற்க இடமில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பெரிய மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ரோலருக்கு நடுவில் மாட்டிய துண்டை உருவிக்கொண்டிருந்தேன், முகமெல்லாம் கறுப்புப் பொடி. அப்போதுதான் உன் செய்தி வந்திருக்கிறது. இதுவும் பிரிண்டுக்கு வந்தது என்று மாமா திறந்திருக்கிறார். ரொம்ப நீளமாக இருந்ததாம், திரை முழுக்க எழுத்தாம். அப்பா, இத நீங்க மட்டும் படிங்க, வேற யாருக்கும் காட்ட வேண்டாம் என்று முதல் வரியில் இருந்ததாம். உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாததா, யார் வீட்டில் குக்கர் சத்தம் கேட்டாலும் என்ன குழம்பு என்று விசாரிக்காமல் போகமாட்டார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பேப்பரை அவருக்கு முன்னால் படித்து முடிப்பார். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குப் பார்த்து நாகரிகமானவர் ஆகிவிட்டார். ரெண்டாவது வரிக்குக் கண்ணைக் கொண்டுபோகாமல் மூடிவிட்டாராம். அத்தான் கை கழுவிவிட்டு வரட்டும், காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அதற்குள் ஒரு அம்மா, விண்ணப்பத்தில் என் மகள் போட்டோ மங்கலாக வந்திருக்கிறது என்று சண்டைக்கு வர, அதை மாற்றி எடுத்துக் கொடுக்கப்போன மாமா உன் செய்தியை அடியோடு மறந்துவிட்டார். கூட்டம் வடிந்ததும் நான் வந்து உட்கார்ந்தேன். யார் யார் பெயர் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழித்தேன். பாழாய்ப்போன மனுஷன் அதைப் படித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று இப்போது அடித்துக்கொள்கிறேன். படித்திருந்தால் அவருக்காவது தெரிந்திருக்கும்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. யார் எதை அனுப்பினாலும் தானாக ஒரு பதில் போகிற மாதிரி மாமா செய்து வைத்திருக்கிறார், உங்கள் ஃபைல் கிடைத்தது, நன்றி, சற்று நேரம் கழித்து நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று. உனக்கும் அது வந்திருக்கும். நீ படித்த பிள்ளை, அது மெஷின் பேச்சு என்று புரிந்துகொண்டிருப்பாய், அப்பா பேசுவார் என்று காத்திருந்திருப்பாய். அப்பாவும் பேசினேன். மறுநாள் மத்தியானம், தினமும் கேட்பது போல, சாப்பிட்டியா என்று கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கத் தோணலையாப்பா என்று உடனே நீ பதில் போட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. எப்போது பார்த்தாலும் சோற்றைப் பற்றியே கேட்கிறேன் என்று கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். வேற என்னத்தக் கேக்க, உடம்பப் பாத்துக்கோ என்று ஒற்றை விரலால் தட்டி, ஒரு சிரிக்கிற மூஞ்சியையும் சேர்த்து அனுப்பினேன். அந்தச் சிரிக்கிற மூஞ்சியை இப்போது யாருக்கும் அனுப்புவதில்லை. அடுத்து அனுப்பியதற்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன், வேலை ஓடியது. அதற்கப்புறம் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்காகவே நின்றுபோனது, நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று பிறகுதான் புரிந்தது.

பிறகு நீ அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாய். அப்பாவுக்கு எல்லாம் எழுதிட்டேன், அவர் பதிலையும் பாத்துட்டேன், இனிமே எனக்காக நீங்க எதுவும் யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். அவள் திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது. அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, வீட்டுச் செருப்போடு கடைக்கு வந்து நின்றாள். பிள்ளை என்ன எழுதினான், நீங்க என்ன சொன்னீங்க என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டாள். எழுதினானா, எப்போது என்று நான் அவளையே திருப்பிக் கேட்டேன். மாமாதான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். எனக்கும் அப்போதுதான் தெரியும். அம்மா நம்பவில்லை. என் தம்பியையும் உங்க பக்கம் சேர்த்துக்கிட்டு நாடகமா ஆடுறீங்க, பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு, என் காதில் விழக்கூடாதுன்னு மறைக்கிறீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், எதிரே உட்கார்ந்து நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு. உனக்கு நான் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத அப்பன், அவளுக்கு எல்லாம் தெரிந்தும் மறைக்கிற புருஷன். அவளுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, மாடி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், நான் கை கொடுத்தால் தட்டிவிடுகிறாள். மாமா கடைக்கு வருகிறார், வேலை செய்கிறார், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போகிறார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

போனையும் கம்ப்யூட்டரையும் ரிப்பேர் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அழித்ததை எடுக்கலாம், ஆனால் எங்கேயாவது சேமித்து வைத்திருக்கணுமே, உங்க போனில் அந்த வசதியையே நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, யார் செய்தது என்றார். நான்தான் செய்தேன், அடுத்தவர் காகிதம் எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது என்று. இனிமேல் அது அனுப்பியவர் போனில்தான் இருக்கும், அவரையே இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க சார் என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். அவரிடம் கத்திவிட்டு வந்தேன், பாவம். உன் ஆபீசுக்குக் கூப்பிட்டேன், அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றாள் ஒரு பெண், எப்போதிலிருந்து என்றால் அதைச் சொல்லக் கூடாதாம். அப்புறம்தான் உன் அறை நண்பர் நம்பர் கிடைத்தது. அவருக்கு விஷயம் தெரிகிறது. அவன்தான் சொல்லணும் அங்கிள், நான் சொன்னா சரியா இருக்காது என்கிறார். அடுத்த வண்டியில் புறப்பட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் அங்கிள், உங்களப் பாத்தா இங்கேருந்தும் போயிடுவான் என்றார். எவர் எவருக்கோ தெரிந்திருக்கிறது, பெற்றவனுக்குத் தெரியவில்லை, வாசல்படி மிதிக்கவும் வழியில்லை. போனை வைத்துவிட்டு, பிரிண்டுக்கு வந்த ஒருவர் எதிரே நிற்கிறார் என்பதையும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

நீ என்ன எழுதியிருப்பாய் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. நீ பேச்சுப் பழகிய நாளிலிருந்து நாம் ரெண்டு பேரும் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தாளின் முன்பக்கம் நிறையுமா என்பதே சந்தேகம். அப்படிப்பட்ட நீ திரை முழுக்க எழுதியிருக்கிறாய் என்றால் எவ்வளவு காலம் உள்ளே வைத்துப் புழுங்கியிருப்பாய். வேலை போனதைச் சொன்னாயா, போகட்டும், உன்னை வேலைக்கு அனுப்பத்தான் பெற்றோமா. உடம்புக்கு ஏதாவதா, எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நான் கூட வருகிறேன். யாரையாவது மனசில் வைத்திருக்கிறாயா, யாராக இருந்தாலும் எப்படிப்பட்டவராக இருந்தாலும் சரி, நான் குறுக்கே நிற்கமாட்டேன், அம்மாவையும் நிற்க விடமாட்டேன். ஏதாவது தப்பில் மாட்டிக்கொண்டாயா, கூட நிற்கிறேன். இல்லை, என்னைப் பற்றித்தான் எழுதினாயா. நான் உனக்குச் செய்தது, செய்யாமல் விட்டது எதையாவது. அதுவாகவே இருக்கும் என்றுதான் பாதி நேரம் தோன்றுகிறது. அப்படியானால் இன்னும் கொஞ்சம் காரமாகவே எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து எழுதச் சொல்லவில்லை, அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும், இந்தக் கடிதத்தையே நாலு தாள் கசக்கிப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதே செய்தியை அப்படியே இன்னொரு முறை அனுப்பு. கம்ப்யூட்டரிலிருந்து என் நம்பரை எடுத்தாகிவிட்டது, கடைக்கு வேறு நம்பர் வாங்கியாகிவிட்டது, தானாகப் போகிற பதிலையும் நிறுத்தியாகிவிட்டது. போன் என் சட்டைப் பையில் இருக்கிறது, குளிக்கும்போது மட்டும் ஜன்னல் விளிம்பில் வைக்கிறேன். நீயும் அதை அழித்துவிட்டாய் என்றால், திரும்பச் சொல்லவும் மனசு வரவில்லை என்றால், போகட்டும், நீ எதைக் கேட்டிருந்தாலும் என் பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன். சரி. என்ன ஏது என்று கேட்காமல் சொல்கிறேன் தம்பி, சரி. ஒன்றே ஒன்றைத் தவிர. உங்க உறவே இனி வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாயானால் அதற்கு மட்டும் என்னால் சரி சொல்ல முடியாது. அது அழிந்தது அழிந்ததாகவே இருக்கட்டும், அதை மட்டும் திரும்ப அனுப்பாதே.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும், நல்லவர்கள் உன் பக்கத்தில் இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. வெறும் வயிற்றில் வெளியே போகாதே. உன் அறை நண்பரிடம் முகம் கொடுத்துப் பேசு, உனக்காக என்னிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறார். மறந்துவிடாதே, கவரின் உள்ளே இன்னொரு தாள் மடித்து ஒட்டியிருக்கிறது, அது அம்மா எழுதியது. நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு அவளும் எழுதி, பசை போட்டு ஒட்டி, ஒரு வார்த்தை பேசாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் பிரிக்கவில்லை. எனக்கு எழுத மனசில்லை என்றால் அவளுக்காவது பதில் எழுது. அப்பாவிடம் சொல்லாதே என்று எழுதினாலும் பரவாயில்லை, அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா